பழைய ஜாதகங்கள் என்ற ஃபோல்டர்

அப்போதெல்லாம் லேப்டாப்பையும் டெஸ்க்டாப்பையும் நேராக இணைக்கச் சாதாரண கேபிள் உதவாது. ஒரு முனையில் கம்பிகளை மாற்றிப் பொருத்திய கிராஸ் கேபிள் வேண்டும். அழகுபாண்டி, நான் திருநகரில் பன்னிரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

சற்று முன் கேட்டீர்களே: "அண்ணே, 'பழைய ஜாதகங்கள்'னு ஒரு ஃபோல்டர் இருக்கு. உள்ள பிருந்தா அக்கா பேர்ல தீசிஸ் கெடக்கு. அம்புட்டும் தொலைஞ்சுபோச்சுன்னுல்ல அக்கா சொன்னாக?"

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். டிஸ்க்கை மாற்ற வந்தவரிடம் எதை மறைப்பது.

என் மனைவி பிருந்தா கெட்டிக்காரி. திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி வரை நூற்று நாற்பது கிணறுகளில் தண்ணீர் எடுத்து, பாட்டில்களை டவுன் பஸ்ஸில் சுமந்து வந்து, ஆறு வருடம் ஆராய்ச்சி செய்தாள். 2004 அக்டோபருக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் புதுச்சேரியில் கல்லூரி வேலை உறுதி. சந்தோஷமான செய்திதான். என் சென்டரைப் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

ஆயுத பூஜையன்று காலை, மாட்டுத்தாவணிக்குப் பூ வாங்கக் கிளம்பும்போது சொன்னாள்: "லேப்டாப்பைப் பூஜையில வைக்கணும். அதுக்கு முன்னால ஒரு காப்பி எடுத்து வச்சிருங்க." வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

கேபிளைச் சொருகினேன். ஆய்வேட்டை முழுதாக டெஸ்க்டாப்புக்குக் கொண்டுவந்தேன். அந்த வகையில் சொன்ன வேலையைச் செய்துவிட்டேன். அப்புறம் நன்றியுரையைப் படித்தேன். வழிகாட்டி இருந்தார். கிணற்றுக்காரர் நல்லகாமன் இருந்தார். பாட்டில்களை ஏற்ற மறுக்காத கண்டக்டர்கூட இருந்தார். நான் இல்லை.

எனக்குக் கோபமெல்லாம் வராது. ஜூன் மாதம் எடுத்த பழைய காப்பி ஒன்று டெஸ்க்டாப்பில் கிடந்தது. அதை லேப்டாப்புக்கு அனுப்பினேன். பழைய தேதி, புதிய தேதி இரண்டையும் காட்டி, மாற்றவா என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. எல்லாவற்றையும் மாற்று என்று அழுத்தினேன். நன்றியுரையும் கடைசி இரண்டு அத்தியாயங்களும் ஜூனில் கிடையாது, அவற்றை அழித்தேன். பிறகு லேப்டாப்பைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, புத்தகங்களோடு அடுக்கினேன். மறுநாள் மறுபூஜை முடியும்வரை அதை யாரும் தொட மாட்டார்கள்.

அவள் தொட்டாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. மதியம் நான் கண்ணயர்ந்த நேரத்தில் ரகசியமாகத் திறந்திருக்கிறாள். நாலு மாத வேலையைக் காணவில்லை. என்னை எழுப்பி அழுதாள்.

"அஞ்சு நிமிஷந்தான் திறந்தேன். நன்றியுரையில உங்க பேரு விட்டுப்போச்சு, அதைச் சேர்க்கலாம்னு. பூஜையில இருக்கறதைத் தொட்டுட்டேன். சரஸ்வதி எடுத்துக்கிட்டா."

நல்ல எண்ணம்தான். முந்தின நாளே சேர்த்திருக்கலாம்.

காலையில் எடுக்கச் சொன்ன காப்பி எங்கே என்று கேட்டாள். கரண்ட் இல்லை, எடுக்க முடியவில்லை என்றேன். வேதியியல் படித்தவள்தான். ஆனாலும் சரஸ்வதி பேச்சை அவள் விடவில்லை. நானும் மறுத்துப் பேசவில்லை. நம்பிக்கை அவரவர் விஷயம்.

மறுபடி எழுத உட்கார்ந்தாள். லேப்டாப்பைத் திறப்பாள், சரஸ்வதியை நினைத்து உடனே மூடிவிடுவாள். கெடு போயிற்று, வேலையும் போயிற்று. ஐந்து வருடமாக என் சென்டரில் வருகைப் பதிவு எடுக்கிறாள். மதியம் ஒரே டிபன் கேரியரில் சாப்பிடுகிறோம். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்.

இதோ, காபி கொண்டு வருகிறாள். அவள் சொல்வதை நீங்களே கேளுங்கள்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை ஆயுத பூஜை. அதுக்குள்ள வேலைய முடிச்சிருங்க. அன்னைக்குத் தொட்டு நான் பட்டது போதும்."

பார்த்தீர்களா, எவ்வளவு பக்தி. அவளிடமிருந்து நான் எதையும் எடுக்கவில்லை, அழகுபாண்டி. ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த ஃபோல்டரை அப்படியே புது டிஸ்க்கில் போட்டுவிடுங்கள். ஒருநாள் நானே அவள் கையில் கொடுப்பேன். அவசரமில்லை. அவள் இனி எங்கும் போகப் போவதில்லை.