நின்றுபோகக்கூடிய மூச்சு

அவைத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அருள்திரு ஐயா அவர்களே, ஆண்டுகள் பல கண்ட ஆன்றோர்களே, பெற்றும் பேணியும் பிரிந்தும் பொறுத்தும் நிற்கின்ற தாய்மார்களே, இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மீட்பரின் பிறப்பைப் பற்றிப் பேச ஆண்டுதோறும் என்னை அழைக்கிறீர்கள். கன்னியின் வயிற்றில் கடவுளே கருவான அதிசயத்தை நானும் அடுக்குமொழியில் அள்ளி வீசுவேன். இந்த ஆண்டு அப்படிப் பேச வாய் வரவில்லை.

என் தங்கையைப் பலருக்கும் தெரியும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிப்பவள். மணமாகி நெடுங்காலம் மடி நிறையாதிருந்தவள், இந்த ஆண்டு கருவுற்றாள். அற்புதம் என்றோம்! ஆண்டவர் செயல் என்றோம்! லாரிப் பட்டறையில் வேலை செய்யும் அவள் கணவர், ஆலய வாசலையே மிதிக்காத மனிதர், அவரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

பெண் பிள்ளை பிறந்தது. பகலெல்லாம் மூச்சுக்குப் போராடியது. பொழுது சாயுமுன் அடங்கிவிட்டது.

அன்று மாலையே மருத்துவமனைக்கு ஆறுதல் சொல்லப் போனேன். மேடையில் வெள்ளமாய் வரும் சொல் அங்கே ஒரு சொட்டாவது வந்ததா? "கடவுள் சித்தம்மா" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தம்மாவுக்குத் தேவதூதன் வந்து சொன்னான். எனக்கு நர்ஸ் வந்து சொன்னாங்க. ஏண்ணா, மேல இருக்கிறவரு எதுக்குக் குழந்தையா பொறக்கணும்? அங்கிருந்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பிள்ள மூச்சு விட்டிருக்குமே!"

யாரது, பின்னால் அல்லேலூயா சொல்வது? பொறுங்கள் ஐயா, இது அல்லேலூயா சொல்லும் இடமல்ல.

துண்டில் சுற்றிய பிள்ளையை மடியில் வைத்திருந்த மைத்துனர்தான் பேசினார். "மச்சான், நீங்க சொல்ற மாதிரி கடவுளே பொறந்தாருன்னா, அவருக்கும் இப்படித்தானே கழுத்து நிக்காம இருந்திருக்கும்? தலையைத் தாங்க ஒரு கை வேணுமில்ல?"

கேட்டீர்களா? ஆகாயத்தை அளந்தவர் ஏன் ஒரு கைக்குள் அடங்கினார்? மூச்சைப் படைத்தவர், நின்றுபோகக்கூடிய ஒரு மூச்சை ஏன் இழுத்தார்? அவர் வெறும் நல்ல மனிதர் என்றால், இது இன்னொரு ஏழைக் குழந்தையின் கதை. அதில் என் தங்கைக்கு என்ன இருக்கிறது? அவர் கடவுள் என்றால்தான், நாம் சாகிற இடம்வரைக்கும் கடவுளே நடந்து வந்தார் என்றாகும்! பிள்ளையை ஏன் காப்பாற்றவில்லை என்பதற்கு இது பதிலா? இல்லை. அந்தப் பதில் என்னிடம் இல்லை. தூர நின்று வேடிக்கை பார்த்தவர் அல்லர் அவர். அதை மட்டும், இருட்டில் சுவரைத் தடவி நடப்பவனைப் போலப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

தங்கை தேறிவிடவில்லை. இன்றும் வரவில்லை. "பிறப்புக் கதை எனக்கு வேணாம்ணா" என்றுவிட்டாள்.

தாய்மார்களே, கூட்டம் கலைந்ததும் அவள் வீட்டுக்குப் போங்கள். வசனம் வேண்டாம், வாழ்த்தும் வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தாய் என்று கேளுங்கள். இதுவரை யாருமே கேட்கவில்லை.

பேசப் பணித்த பெரியோர்க்கும் பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி. கொஞ்சம் வழிவிடுங்கள்; நானும் அங்கேதான் போகிறேன். வணக்கம்.