தண்ணீர் எடுக்காத கப்பல்

மூதூர் லாஞ்சிப் படகில் எனக்கு முன்னால் இருந்த இருவரும், திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் படகில் வேலை செய்பவர்கள்.

“விண்வெளிக் கப்பல் போயிட்டுது மச்சான். வீடு செத்தவீடு மாதிரிக் கிடக்கு,” என்றார் குடை வைத்திருந்தவர்.

“அந்த ரீவி நாடகமோ? போன கிழமையோட முடிஞ்சுதாமே.”

“ஓம். மனுசி ரீவியைத் துணியால மூடிப்போட்டா. நேற்றும் அந்த நேரத்துக்குக் கதிரையைப் போட்டுச் சும்மா இருந்தனான்.”

“முடிஞ்சது முடிஞ்சதுதான். இனி வராது.”

“வரும். முதல் நாளில இருந்து பார்த்தனான். ஒரு துறைமுகத்திலயும் அது தண்ணி எடுக்கேல்லை.”

மற்றவர் அவர் பக்கம் திரும்பினார்.

“எத்தனை பேர் அதில?”

“நூறு பேருக்குக் கிட்ட.”

“அப்ப தண்ணி இல்லாமல் ஏலாது. வரத்தான் வேணும்.”