பட்டை சொல்லாததைக் குரலில் கேட்ட மாரீஸ்வரி அம்மையாருக்கு

புற்றுநோய்ப் பிரிவின் பொறுப்பைப் பொறுமையோடு சுமந்து இன்று பணி நிறைவு பெறும் செவிலியர் கண்காணிப்பாளரே! காரைக்குடிக்குக் கலங்கி வந்தோரைக் கனிவோடு காத்த அம்மையாரே! வணங்குகிறோம்.

கீமோ ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவோரின் மணிக்கட்டில், நாடித்துடிப்பையும் உடற்சூட்டையும் அளந்து அனுப்பும் பட்டையைக் கட்டத் தொடங்கியபோது, திரையைப் பார்த்தால் போதுமென்று நினைத்தோம். தாங்களோ, நாள்தோறும் அவர்களை அழைத்துப் பேசியாக வேண்டும் என்றீர்கள். இரட்டை வேலை என்று முணுமுணுத்தோம். நம்மிடம் சிகிச்சை பெற்ற மானகிரி பெத்தனுக்கும் அவர் மகள் சினேகாவுக்கும் நேர்ந்ததை அறிந்தபின் அந்த முணுமுணுப்பு நின்றது.

சினேகாவுக்குப் பரிசம் போட நாள் குறித்திருந்த வாரம். கீமோ முடிந்து வந்திருந்த பெத்தனுக்கு உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தால் பரிசம் நின்றுபோகும் என்று அஞ்சி, பட்டையைக் கழற்றி மகள் கையில் கட்டிவிட்டார். அப்பா சொல்லைத் தட்ட அவளுக்குத் துணிவில்லை. திரையில் எல்லாம் சீராகவே தெரிந்தது. தாங்கள் அழைத்தபோது பெத்தனின் பேச்சில் நடுக்கம் இருந்தது. போனை மகளிடம் கொடுக்கச் சொன்னீர்கள். போர்வைக்குள் வெடவெடத்த அப்பாவைப் பார்த்தவளுக்குப் பொய் வரவில்லை.

“பட்டை என் கையில இருக்கு சிஸ்டர்” என்று உடைந்தாள்.

ஆம்புலன்ஸோடு தாங்களே போனீர்கள். பரிசம் முடியட்டும், நானே வருகிறேன் என்று பெத்தன் மறுத்தார். தாங்கள் கடிந்துகொள்ளவில்லை. “அந்தச் சபையில நீங்க உக்காரணும்ணே. அதுக்குத்தான் கூப்பிடுறேன்” என்றீர்கள். வண்டியில் ஏறினார். குருதியில் தொற்று பரவத் தொடங்கியிருந்தது. தாமதித்திருந்தால் உயிர் தங்கியிராது என்றார் மருத்துவர். பரிசம் தள்ளிப்போனது. உடல் தேறி வந்த பெத்தன் சபையில் உட்கார்ந்து தாம்பூலம் மாற்றினார்.

பின்னர் நோய் மீண்டும் தலைதூக்கி, கடந்த தையில் அவர் மறைந்தார். துக்கம் கேட்கத் தாங்கள் போனபோது, நெடுநாள் உள்ளே அடக்கி வைத்திருந்ததைச் சினேகா கேட்டாள்.

“அன்னைக்கு நான் அதக் கட்டிக்கிட்டதாலதான் அப்பா போயிட்டாகளா?”

அவள் கையைப் பற்றிக்கொண்டீர்கள். “இல்ல தாயி. நோய் திரும்ப வந்துருச்சு. நீ நெசத்தச் சொன்னதாலதான் உன் பரிசத்துக்கு உக்காந்திருந்தாக.”

அதன் பிறகே தன்னால் அப்பாவை நினைத்து அழ முடிந்தது என்று, இம்மடலுக்காக நாங்கள் பேசியபோது சினேகா சொன்னாள்.

அன்பின் உருவே! அருளின் ஊற்றே! நோயாளிகளை நாள்தோறும் அழைக்கும் வழக்கத்தை நாங்கள் விடமாட்டோம். பிறர் நலம் பேணிய தாங்கள், இனித் தங்கள் நலமும் பேணி, சுற்றம் சூழ, நெஞ்சம் நிறைய, நெடுங்காலம் வாழ்க!

தங்கள் வழியில் பணி தொடரும்
செவிலியர், மருத்துவர், பணியாளர்கள்
புற்றுநோய்ப் பிரிவு, காரைக்குடி