குளிர் அறைக் கதவு பூட்டியிருந்தது சம்பந்தமாக

என் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் நான் சொன்னபடி எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தாறு. தெருவில் என்னை இஸ்திரிக்கார அக்கா என்பார்கள். நானும் என் நாத்தனாரும் சந்தைக்குப் பின்புறம் துணி தேய்க்கும் கடை நடத்துகிறோம். என் கணவர் லாரி ஓட்டுகிறார், பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார். நாத்தனார் என்னைவிட இளையவள். கணவனைப் பிரிந்து வந்ததிலிருந்து எங்களோடு இருக்கிறாள். வார்டு அலுவலகத்துக் குளிர் அறையின் கண்ணாடிக் கதவை உடைத்தது சம்பந்தமாக என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது.

எங்கள் கடை ஒரே அறை, மேலே தகரக் கூரை. இரண்டு மேசை, இரண்டு மின்சார இஸ்திரிப்பெட்டி. போன மழைக்காலம் முடிந்தபின் மாநில அரசின் காலநிலை மாற்றத் திட்டத்துக்காக என்று சிலர் வந்தார்கள். அவர்களில் ஒரு இளம்பெண் அதிகாரி இருந்தார். அவரைத் தெருவில் திட்டக்காரம்மா என்றே சொல்வோம். இனி வெயிலும் வெள்ளமும் கூடிக்கொண்டே போகும், அதற்கு அரசு முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறது, மக்களைக் கேட்டுத்தான் செய்வோம் என்றார். எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை. சாலையை அகலப்படுத்தும்போதும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே வந்து கேள்வி கேட்டார்கள், அதன் பிறகு கடையில் பாதி போய்விட்டது. "எல்லாத்தையும் கேட்டுட்டுக் கடைசியில இடத்தைத்தானே கேப்பீங்க?" என்று சொன்னேன். அவர் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். எதற்குப் பார்க்கிறார் என்று அதிலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

நாத்தனார் அப்படி இல்லை. எந்த நேரத்தில் தகரம் காந்துகிறது, எப்போது தலைவலி வருகிறது, கழிப்பறை இல்லாததால் நாங்கள் தண்ணீர் குடிக்காமலே இருப்பது வரை ஒன்று விடாமல் சொன்னாள். அவர்கள் போன பிறகு அவளைத் திட்டினேன். அதற்கு அவள், "என் தலைவலியைப் பத்தி என் புருஷன்கூடக் கேட்டதில்ல அண்ணி. கவர்மென்ட்டு கேக்குது, விடு" என்று சொல்லிச் சிரித்தாள்.

அதன் பிறகு வார்டு அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் குளிர் அறை திறந்தார்கள். குளிர்சாதனம், குடிதண்ணீர், படுக்க நாலைந்து கட்டில்கள் எல்லாம் வைத்தார்கள். கடும் வெயிலுக்கான சிவப்பு எச்சரிக்கை வரும் நாளில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை யார் வேண்டுமானாலும் வந்து இருக்கலாம் என்றார்கள். திறப்பு அன்று நாத்தனாரைக் கட்டிலில் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சும்மா கண்ணை மூடச் சொன்னார்கள், அவள் சிரிப்பை அடக்க முடியாமல் படாத பாடு பட்டாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி உள்ளே சுவரில் மாட்டினார்கள்.

சம்பவத்துக்கு முந்தின வாரம் நான் துணி கொடுக்க அந்த வழியாகப் போனபோது கட்டில்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளும் நீள மேசையும் உள்ளே போயின. காவலாளியிடம், "என்னண்ணே, கட்டிலெல்லாம் எங்க போகுது?" என்று கேட்டேன். "உனக்கெதுக்கு அதெல்லாம்? துணியைத் தேய்ச்சமா, போனமான்னு இரு" என்றார். வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் சொன்னேன். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுத்தால் நான்தான் பெரிய அதிகாரி என்றாள்.

சம்பவ நாளன்று காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை என்று போனுக்குச் செய்தி வந்தது. லாட்ஜ் ஒன்றின் படுக்கை விரிப்புகளை அன்றைக்கே கொடுக்க வேண்டியிருந்ததால் கடையை மூட முடியவில்லை. நண்பகல் தாண்டியதும் நாத்தனார் பேச்சு குழறியது. அதுவரை வியர்வையில் நனைந்திருந்தவளுக்கு வியர்வையே நின்று, தொட்டால் சுட்டது. என்னைப் பார்த்து "அம்மா, அடுப்பை அணை" என்றாள். அதன் பிறகு கால் மடங்கி விரிப்புகளின் மேலேயே சரிந்துவிட்டாள். பக்கத்துக் கடை சைக்கிள் மெக்கானிக்கும் நானும் அவளைத் தூக்கி அவருடைய சாமான் வண்டியில் போட்டோம். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். குளிர் அறை அடுத்த தெரு. அதனால் அங்கே போனோம்.

கண்ணாடிக் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. கூட்டம் நடைபெறுகிறது என்று தாள் ஒட்டியிருந்தது. காவலாளி, "கூட்டம் முடியட்டும்மா, அப்புறம் திறப்பாங்க" என்றார். என்ன கூட்டம் என்று கேட்டேன். "வெயில் திட்டத்துக் கூட்டம்தான். மேல மாடியில ஏசி மெஷின் வேலை செய்யல, அதான் இங்க உக்காந்திருக்காங்க" என்றார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மாள் குளிருக்குச் சால்வை போர்த்தியிருந்தார். சுவரில் நாத்தனார் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். திட்டக்காரம்மா எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். நான் கதவைத் தட்டினேன். எதிரே இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டுப் பொறு என்று கையைக் காட்டினார். மறுபடியும் தட்டினேன். அவர் திரும்பிக்கொண்டார்.

அனைவருக்கும் அனுமதி என்று எழுதிய பலகை வாசலில் ஒரு இரும்புத் தாங்கியில் நின்றது. அந்தத் தாங்கியை எடுத்து, பூட்டியிருந்த கதவை நான்தான் உடைத்தேன். மெக்கானிக் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் எனக்கு எந்தக் கருவியும் தரவில்லை. என்னை யாரும் தூண்டிவிடவும் இல்லை. எந்தக் கட்சிக்காரன் சொல்லிக்கொடுத்தான் என்று கேட்டார்கள். வீட்டில் நாத்தனார் சொல்வதையே நான் கேட்பதில்லை. கண்ணாடித் துண்டு பட்டு ஒரு அதிகாரிக்குக் காதில் ரத்தம் வந்தது உண்மை. அவரைக் காயப்படுத்த நான் நினைக்கவில்லை.

உள்ளே போனதும் திட்டக்காரம்மா முதலில் எழுந்து ஓடி வந்தார். கட்டில் இல்லாததால் மேசைமேல் இருந்தவற்றைக் கையால் தள்ளிவிட்டு நாத்தனாரை அதில் படுக்கவைத்தோம். திட்டக்காரம்மா குடிதண்ணீரை அவள் தலையிலும் கழுத்திலும் ஊற்றினார். யாரோ, "லேப்டாப் நனையுது, லேப்டாப்பை எடுங்க" என்று கத்தினார்கள். அதன் பிறகு அதிகாரிகள் வந்த காரிலேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். உயிர் தங்கியது. ஆனால் வலது கை நடுங்குகிறது, பேச்சு தடுமாறுகிறது. இனி அனல் பக்கமே போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் திட்டக்காரம்மா ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய், "அக்கா, போலீஸ்ல கேட்டா கதவு சிக்கிக்கிச்சுன்னு சொல்லுங்க. பூட்டியிருந்துச்சுன்னு சொன்னா இதைச் சாக்கா வெச்சுத் திட்டத்தையே மூடிருவாங்க. மாநிலம் பூரா இப்படி அறை வரப்போகுது. உங்க மேல கேஸ் வராம நான் பாத்துக்கிறேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது நாத்தனாருக்காகவா, திட்டத்துக்காகவா, வேலைக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. எங்கள் தெரு மாதிரி எத்தனையோ தெருக்களில் தகரத்துக்குக் கீழே ஆட்கள் நிற்கிறார்கள்.

மறுநாள் காலையில் நாத்தனாரிடமே கேட்டேன். அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். "பூட்டினாங்கன்னே சொல்லு அண்ணி. சிக்கிக்கிச்சுன்னு சொன்னா, எண்ணெய் போட்டுட்டுப் போயிருவாங்க."

அதனால் கதவு பூட்டியிருந்தது என்றே சொல்கிறேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டியபோது மேலே ஓரிடத்தில் "சிக்கியிருந்த கதவை" என்று வாசித்தது காதில் விழுந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். எல்லாம் ஒன்றுதான் என்றார் இதை எழுதிய ஸ்டேஷன் ரைட்டர். ஒன்றென்றால் நான் சொன்னதையே எழுதுங்கள் என்றேன். அவர் எழுந்து உள்ளே போய் இன்ஸ்பெக்டரிடம் பேசிவிட்டு வந்தார். அதன் பிறகு அந்தச் சொல்லை என் கண்ணெதிரே அடித்து, "பூட்டியிருந்த" என்று மேலே எழுதினார். முழுவதையும் மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இப்போது இதில் உள்ளது அத்தனையும் நான் சொன்னது, நடந்தது. அடித்த இடத்தில் ஒரு கையெழுத்தும் கீழே ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)