அஞ்சாம் அதிகாரத்தைத் தாண்டல

தங்கை: ...இந்தப் பையில ஜிப்பு மட்டும் மாத்தினா போதும்க்கா. அவசரமில்ல.

அக்கா: உங்க தெருவுல டெய்லரே இல்லையா?

தங்கை: இருக்கார். உன் கை மாதிரி வருமா?

அக்கா: ஒன்றரை வருஷமா என் கை ஞாபகம் வரலையாக்கும். கொண்டா... இதென்னடி?

தங்கை: என்ன?

அக்கா: தானா பிஞ்ச ஜிப்பு இப்படியா இருக்கும்? தையலை பிளேடு வச்சு வெட்டியிருக்கு. அதுவும் எவ்ளோ நேர்த்தியா!

தங்கை: தானா பிஞ்சதுதான்க்கா.

அக்கா: சின்ன வயசுலேர்ந்தே உனக்குப் பொய் சொல்ல வராது. உக்காரு. அந்தத் துணியைத் தள்ளிட்டு உக்காரு.

தங்கை: மாமா இருக்காரா?

அக்கா: இல்ல. இப்ப லாரி ஓட்டறார். மாசத்துல ரெண்டு நாள்தான் வீடு. இருந்திருந்தா உன்னை வாசப்படி மிதிக்க விட்டிருப்பாரா? சரி, எதுக்கு வந்த?

தங்கை: அந்த பைபிள் நோட்டு...

அக்கா: அய்யோ, இன்னும் அந்த நோட்டை விடலையா நீ?

தங்கை: திட்டுக்கா. திட்டுவேன்னு தெரிஞ்சுதான் வந்தேன். பாஸ்டரம்மா சொல்லுவாங்கல்ல... படிச்ச வசனம் நம்மகிட்ட என்ன கேக்குதுன்னு எழுதணும், எழுதினதைச் செய்யாம அடுத்த அதிகாரம் போகக் கூடாதுன்னு...

அக்கா: தெரியும். நானும் அந்த பைபிள் குழுவுல இருந்தவதானே.

தங்கை: மத்தேயு அஞ்சுல நிக்கிறேன். காணிக்கையை அங்கேயே வச்சிட்டு, முதல்ல போய் மனஸ்தாபத்தைத் தீத்துட்டு வான்னு இருக்கே... அந்த இடம். மத்தவங்கல்லாம் சிலுவை வரைக்கும் போய்ட்டாங்க. நான் மட்டும் இன்னும் மலைப்பிரசங்கத்துலேயே...

அக்கா: ஓ! பக்கத்தைத் திருப்பறதுக்குத்தான் அக்கா வேணுமா?

தங்கை: அப்படியில்லக்கா...

அக்கா: வேற எப்படி? அன்னிக்கும் குழுவுல நோட்டைத் தூக்கி வச்சுக்கிட்டு, "அக்கா வீட்டுக்காரர் குடிச்சிட்டு என் கல்யாணத்துல ரகளை பண்ணினதை மன்னிச்சுட்டேன்"னு கணீர்னு படிச்ச. எல்லாரும் ஆமென் போட்டாங்க. நான் உன் பக்கத்துலதான்டி உக்காந்திருந்தேன். அவர் உன்கிட்ட மன்னிப்பு கேட்டாரா?

தங்கை: கேக்கல.

அக்கா: கேக்காத மன்னிப்பை ஊரைக் கூட்டிக் குடுத்த.

தங்கை: நல்லவன்னு பேர் வாங்கணும்னு இருந்துச்சுக்கா. அவ்ளோதான். பின்வரிசையில மாமா வேன் ஓட்டின ஸ்கூலோட ஹெட்மாஸ்டர் வீட்டம்மா இருக்காங்கன்னு யோசிக்கவே இல்ல. மறுவாரமே மாமாகிட்ட ஸ்கூல் வேன் சாவியை வாங்கிட்டாங்க. உங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேன்...

அக்கா: அழாத. மடியில இருக்கறது கஸ்டமர் துணி.

தங்கை: முந்தானையைக் குடு.

அக்கா: ம்... இந்தா.

தங்கை: மன்னிச்சேன்னுகூட சொல்ல வேணாம். ரெண்டு அடி போடு. ஆனா போடின்னு மட்டும் சொல்லிடாதக்கா. உன் பெரியவன் காலேஜ் சேந்ததை மூணாம் மனுஷங்க சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன்.

அக்கா: உனக்குப் பொண்ணு பொறந்ததை நானும் அப்படித்தான்... ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்தேன்.

தங்கை: வந்தியா? ஏன்க்கா உள்ள வரல?

அக்கா: எந்த முகத்தை வச்சுக்கிட்டு வருவேன்? நானும் வீட்டுல தனியா நோட்டு எழுதிட்டுதான் இருக்கேன். அதே அஞ்சாம் அதிகாரம்தான். தாண்டல.

தங்கை: நீயா? தப்பு பண்ணினது நானு. நீ ஏன் அங்க நிக்கணும்?

அக்கா: ...சாவியை வாங்கினது நீ படிச்சதால இல்லடி.

தங்கை: பின்ன?

அக்கா: நீ படிச்சதுக்கு முந்தின நாளே நான் ஹெட்மாஸ்டரைப் போய்ப் பாத்துட்டேன். உங்க மாமா மறுபடி குடிக்க ஆரம்பிச்சிருந்தார். காலையிலேயே. வண்டி நிறைய சின்னப் பிள்ளைங்க... எனக்குப் பயமாயிடுச்சு. நான்தான் சொன்னேன்.

தங்கை: அக்கா... மாமாவுக்குத் தெரியுமா?

அக்கா: நீ படிச்சது அவர் காதுக்குப் போச்சு. உன்னாலதான்னு குதிச்சார். நானும் ஆமான்னுட்டேன்.

தங்கை: ஒன்றரை வருஷம்க்கா! தினமும் அந்தப் பக்கத்தைத் தொறந்து வச்சுக்கிட்டு அழுதிருக்கேன். அவர்கிட்ட வேணாம்... என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?

அக்கா: உனக்குத் தெரிஞ்சா நீ அவர்கிட்ட வந்து சொல்லிடுவ. உன் மேல கோபம்னா அவர் இந்த வீட்டுக்கு வந்து கத்துவார்... என் மேலன்னா வீட்டுக்கு எங்கடி வருவார்?