போணி ஆகாத காலை

என் தம்பியின் உயிர் அறுபதாயிரம் ரூபாய். ஆஸ்பத்திரியில் சொன்ன விலை அது. நின்று பேசியிருந்தால் ஐம்பதுக்கு முடித்திருக்கலாம். சொன்ன விலையை அப்படியே கொடுக்கிறவன் எங்கள் குடும்பத்தில் ஒருவன்தான் இருந்தான். அவன்தான் இப்போது இல்லை.

நடந்ததை எழுதித் தரும்படி இன்ஸ்பெக்டர் சார் கேட்டதால் எழுதுகிறேன். என் பெயர் திருஞானசம்பந்தம். காந்தி ரோட்டில் பட்டுப்புடவைக் கடை. சின்னக் கடை, ஆனால் சொந்தக் கடை. தம்பி கலைவாணன் பிள்ளையார்பாளையத்தில் எனக்காகத் தறி நெய்தவன். புகார் கொடுத்திருக்கும் தேவிப்ரியா அவன் மனைவி. அவள் எழுதியதில் ஒன்றைத் தவிர எல்லாம் உண்மை.

நான் வரவுக்குள் வாழ்கிறவன். அறுந்த செருப்பை மூன்று முறை தைத்துப் போட்ட பிறகுதான் புதிது வாங்குவேன். கலைவாணனுக்குக் கூலிப் பணம் உள்ளங்கையில் சுடும். தவணையில் டிவி, தவணையில் பைக்.

"கடன் வாங்கித் தின்னா செரிக்குதாடா?" என்று கேட்பேன்.

"நல்லா செரிக்குதுண்ணா. உனக்குத்தான் சொந்தக் காசுல தின்னும் வாயு புடிச்சிக்குது" என்பான்.

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், அவர்கள் முடித்த பிறகு.

அவன் மகள் கீர்த்தி பெரியவளானபோது மண்டபம் பிடித்தான். செண்டை மேளம், ஏழு இனிப்பு, தலைக்கு மேல் பறந்து படம் எடுக்க ஒரு ட்ரோன். தேவிப்ரியாவின் நகை எல்லாம் அடகுக் கடைக்குப் போயிற்று. என் மனைவி காயத்ரி அந்த ட்ரோனை அண்ணாந்து பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். இருபத்தோரு வருஷத்தில் என் வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. தேதி மட்டும் நினைவிருக்கிறது, ஆவணி ஏழு.

ஆறு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு தேவிப்ரியா கடைக்கு வந்தாள்.

"மாமா, அவருக்கு விடிகாலைல நெஞ்சு வலி. ஆஸ்பத்திரில சேர்த்துட்டு வரேன். அடைப்பாம். அறுபதாயிரம் கட்டினாத்தான் உள்ள கூட்டிக்கினு போவாங்களாம். பதினோரு மணிக்குள்ள பண்ணிடணும்னு சொல்றாங்க."

"இன்னும் போணி ஆவலியேமா" என்றேன்.

நாளின் முதல் வியாபாரம் ஆகும்வரை கல்லாவிலிருந்து காசு வெளியே போகக் கூடாது. என் அப்பா அப்படி, அவர் அப்பா அப்படி. வேறு யாரிடமாவது இதைச் சொல்லியிருந்தால் என் சட்டையைப் பிடித்திருப்பார்கள். தேவிப்ரியா ஐயம்பேட்டையில் பூக்கடை வைத்திருந்தவரின் மகள். போணியின் மரியாதை தெரிந்து வளர்ந்தவள்.

"போன்லயே அனுப்பிடுங்களேன் மாமா. அது கல்லா இல்லியே" என்று ஒரே ஒரு முறை கேட்டாள்.

"எந்த வழியா போனாலும் லட்சுமி போறது போறதுதான்மா."

தலையாட்டினாள். பாயின் ஓரத்தில் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

பத்து மணிக்கு அரக்கோணத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மகளின் நிச்சயத்துக்கு மாம்பழ நிறத்தில் ஒரு புடவை அவருக்குப் பிடித்துப்போயிற்று. எனக்கு அடக்க விலை ஒன்பதாயிரம். பதினான்கு சொன்னேன். போணிக்கு வந்தவரை எந்த வியாபாரியும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டான். நூறு ரூபாய் லாபத்துக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறேன், சில நாள் நஷ்டத்துக்கும் கொடுத்திருக்கிறேன். அந்த அம்மா பத்தில் தொடங்கினார். தேவிப்ரியா எழுந்து வந்தாள். என்னைக் கேட்காமலே முந்தானையைப் பிரித்துத் தன் தோளில் போட்டுக் காட்டினாள்.

"எடுத்துக்கோங்கமா. எங்க வீட்டுக்காரரு நெய்ஞ்சது. சரிகை கறுக்காது. பொண்ணுக்கு ராசியா இருக்கும்."

நல்ல விற்பனைக்காரி. அந்த அம்மா பதிமூன்றாயிரத்து ஐந்நூறு வரை ஏறி வந்தார். நான் பதினான்கில் நின்றேன்.

"அந்த ஐநூற நான் தரேன் மாமா" என்றாள் தேவிப்ரியா.

"வெல வெலதான்மா."

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா கடைபா இது" என்று எழுந்து போனார். மணி பத்து நாற்பது.

தம்பி நடிக்கிறான் என்று நினைத்தேன் எனச் சொன்னால் எனக்கு வசதி. வக்கீலும் அதைத்தான் சொல்லச் சொல்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. முகத்தைப் பார்த்து விலை சொல்கிறவன் நான். அவள் முகத்தில் இருந்தது உண்மை. கையில் காசில்லாமல் காத்திருப்பது என்னவென்று கலைவாணனுக்கு ஒரு காலையாவது விளங்கட்டும் என்றுதான் நினைத்தேன். சாகட்டும் என்று நினைக்கவில்லை. செத்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துவிட்டுத்தான் பதினான்கில் நின்றேன்.

பதினொன்றே காலுக்கு ஓர் அங்கவஸ்திரம் போயிற்று, அறுநூறு ரூபாய்க்கு. போணி ஆனதும் கல்லாவைத் திறந்து எண்ணத் தொடங்கினேன். நாற்பதாயிரத்தைத் தாண்டும்போது அவள் போன் அடித்தது. கேட்டாள். போனை மடியில் வைத்தாள்.

"எண்ண வேணாம் மாமா" என்றாள்.

நான் மீதியையும் எண்ணினேன். பாதியில் விட்டால் கணக்கு தவறிவிடும். பிறகு எல்லாவற்றையும் கல்லாவிலேயே வைத்தேன்.

அந்தப் பணம் கலைவாணனுடையது என்று புகாரில் இருக்கிறது. அதுவும் உண்மைதான். கையில் கொடுத்தால் கரைத்துவிடுவான் என்று, ஒவ்வொரு புடவைக் கூலியிலும் ஐந்நூறு ரூபாய் நான் பிடித்துவைத்தேன், அவன் சம்மதத்தோடு. ஆறு வருஷத்தில் ஒரு லட்சத்து எட்டாயிரம் சேர்ந்தது. அன்று தேவிப்ரியா கேட்டது கடன் அல்ல. அதை அவள் எனக்கு நினைவுபடுத்தவில்லை. கை ஏந்தி உட்கார்ந்திருக்கிறவர்கள் அதையெல்லாம் நினைவுபடுத்துவதில்லை.

அந்தப் பணத்தை நான் தின்றுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாளே, அது ஒன்றுதான் பொய். ஒரு பைசா தொடவில்லை. பூப்பல்லக்கு, மேளம், வெடி முப்பத்தெட்டாயிரம். அவனுக்குச் சத்தம் பிடிக்கும், ஊரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினாறாம் நாள் சாப்பாடு ஐம்பத்தாறாயிரம். வண்டிக்கும் சுடுகாட்டுக்கும் நாலாயிரத்து ஐந்நூறு. கீர்த்தியின் சடங்குக்கு நான் எழுதிய மொய் ஐயாயிரத்து ஒன்று. திருப்பிச் செய்ய அவன் இல்லை என்பதால் கழித்துக்கொண்டேன். அரக்கோணத்து அம்மா பதிமூன்றரைக்குக் கேட்டு எடுக்காமல் போன புடவையில் எனக்கு வர வேண்டிய லாபம் நாலாயிரத்து ஐந்நூறு. அவன் காரியமாகக் கெட்ட வியாபாரம், அவன் கணக்கில்தானே எழுத வேண்டும். ஆக, பற்று ஒரு லட்சத்து எட்டாயிரத்து ஒன்று.

கலைவாணன் எனக்கு ஒரு ரூபாய் பாக்கி. கூடப் பிறந்தவனிடம் அதையெல்லாம் பார்க்கக் கூடாது என்று விட்டுவிட்டேன்.