பிரேக் டிரம்முக்குள் எண்ணெய்

– விடாதேடா தம்பி, சக்கரம் சாயுது.

– விடலைக்கா. என் தோள்பட்டைதான் கழண்டுடும் போலிருக்கு. டயரா இது, ஆனைக்குட்டி.

– அப்படியே செவுத்துல சாய்ச்சு வை. ம். இப்ப பிரேக் டிரம்மைக் கழட்டு. லாரி வர்றதுக்குள்ள முடிச்சாகணும், அவ்வளவுதான்.

– லாரி மத்தியானம்தானே?

– பழைய இரும்புக்கடைக்காரர் சாப்பாட்டுக்கு முன்னாடியே வர்றேன்னு போன் பண்ணாராம். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு, என்னமோ விருந்தாளி வர்ற மாதிரி.

– அவருக்கு இந்த டிராக்டர் மேல அப்படி என்னக்கா கோபம்? மாட்டுக் கொட்டகைச் செவுருதானே இடிஞ்சுது. மாடு சத்தியமா அசையக்கூட இல்ல. மென்னுக்கிட்டே நின்னுச்சு.

– பிரேக் பிடிக்காம சரிவுல தானா உருண்டு போன வண்டிடா. நாளைக்கு ஆள் மேல ஏறினா என்ன பண்றது? அதான் தீர்த்துச் சொல்லிட்டாரு. சரிவுல இறக்கி, கொட்டகைக்கு முன்னாடி நிறுத்திக் காட்டுங்க, நின்னா இருந்துட்டுப் போகட்டும். நிக்கலைன்னா பழைய இரும்புக்குப் போகட்டும்னு.

– நீ பிரேக்கை ஒழுங்கா இறுக்கியிருந்தா அன்னைக்கே நின்னிருக்கும்.

– நீ சமதரையில நிறுத்தியிருந்தா உருண்டே இருக்காது. இதைச் சொல்லிச் சொல்லித்தானே இத்தனை நாளா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்சோம்? இப்பவும் சக்கரம் கழட்ட ரெண்டு ஆள் வேணுமேன்னுதான் உன்னோட பேசறேன். டிரம்மைக் கழட்டுடா ராசா.

– வருது, வருது. வந்துடுச்சு. ஐயையோ. அக்கா, இங்க வந்து பாரேன்.

– எண்ணெயா?

– ஊறிக் கிடக்கு. பிரேக் லைனிங் பூரா வெண்ணெய் தடவின மாதிரி வழவழன்னு இருக்கு. இந்த பிரேக்கை ஆனை மிதிச்சாலும் சத்தியமா வண்டி நிக்காது.

– கியர்பாக்ஸ் எண்ணெய் இது. அச்சு வழியா வழிஞ்சு வந்திருக்கு. அதைத் தடுக்கத்தானே மெக்கானிக் புது ஆயில் சீல் போட்டுட்டுப் போனாரு?

– திருப்பி மாட்டியிருப்பாரு.

– அந்த லைட்டைக் கிட்டக் காட்டு. இல்லடா, சீலோட உதடு உள்பக்கம்தான் பாத்திருக்கு, சரியாத்தான் மாட்டியிருக்காரு. ரப்பர்ல ஒரு கீறல் கூட இல்ல. சீல் நல்லாத்தான் இருக்கு.

– நல்ல சீல் ஏன்க்கா ஒழுகுது?

– அது தாங்க முடியாத அளவுக்கு உள்ள இருந்து ஏதோ நெட்டித் தள்ளுது. எண்ணெய் எவ்வளவு இருக்குன்னு முதல்ல பாக்கணும். பக்கவாட்டுல லெவல் பிளக்னு ஒரு திருகு இருக்கும். அந்த ஓட்டை வாய் வரைக்கும்தான் எண்ணெய் நிக்கணும்.

– அப்படி ஒண்ணு இந்த வண்டியில கிடையாது. நான் பாத்ததே இல்ல.

– நீ பாக்கலைன்னா இல்லைன்னு ஆயிடுமா? அந்த மண்ணைச் சுரண்டு.

– மண்ணைச் சுரண்டினா பெயிண்ட். பெயிண்டைச் சுரண்டினா இன்னொரு பெயிண்ட். இரு, இரு. ஒரு சதுர மூக்கு தெரியுதுக்கா. இருக்கு! சத்தியமா இருக்கு!

– பதறாத. ஸ்பேனரை நல்லா உக்கார வச்சுத் திருப்பு. மூக்கு மழுங்கினா போச்சு.

– அசையுது. இன்னும் கொஞ்சம். அக்கா, தட்டு, தட்டை வை!

– வச்சுட்டேன். ஏய், மூஞ்சியைத் தள்ளி வச்சுக்கோ.

– குழாயைத் திறந்து விட்ட மாதிரி கொட்டுது. தட்டு நிரம்பிடுச்சு, வாளியைத் தள்ளு.

– இந்தா. கடவுளே. இது மொத்தமும் அளவுக்கு மிஞ்சினதுடா. வயிறு முட்ட ஊத்தியிருக்கு. உள்ள இடமில்லாமதான் சீலைத் தாண்டி டிரம்முக்குள்ள வந்திருக்கு.

– எந்தப் புண்ணியவான் ஊத்தினது? ஏன்க்கா கூரையைப் பாக்குற?

– செவுரு இடியறதுக்கு முன்னாடிலேருந்தே சனிக்கிழமைதோறும் வண்டியைப் பாக்க வந்தா தரையில எண்ணெய் கிடக்கும். உள்ள குறைஞ்சிருக்குமேன்னு கொஞ்சமா ஊத்தி விடுவேன். சண்டைக்கு அப்புறம் உன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு நீ கடைக்குப் போன நேரமா பாத்து ஊத்தினேன். ஏன்டா பல்லைக் காட்டுற?

– நான் புதன்கிழமைதோறும். அப்பலேருந்தேதான்.

– நீயுமா?

– நீ தூங்கினப்புறம்.

– அட மக்குப் பயலே. ஒழுகுதுன்னு ஊத்தியிருக்கோம். ஊத்தினதாலதான் ஒழுகியிருக்கு. செவுத்தை இடிச்சது நீயும் இல்ல, நானும் இல்ல.

– நாம ரெண்டு பேரும்தான்க்கா.

– சரி, சிரிச்சது போதும், வயிறு வலிக்குது. நீ ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஊத்தின?

– ஒரு டம்ளர் இருக்கும்.

– நானும் அவ்வளவுதான். ரெண்டு பேரோடதும் சேர்த்தா பாதி வாளி கூட வராதேடா. இது நிரம்பி வழியுது, இன்னும் நிக்கலை.

– அப்பாவா இருக்குமோ?

– போடா. செவுரு இடிஞ்ச நாள்லேருந்து அவரு இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கலை. டிராக்டர்னு வாயெடுத்தாலே எந்திரிச்சுப் போயிடறாரு.

– நின்னுடுச்சுக்கா. ஓட்டை வாயில வந்து கரெக்டா நின்னுடுச்சு.

– பிளக்கை மூடு. பையில புது லைனிங் இருக்கு, எடு. டிரம்மைப் பெட்ரோல்ல துடை. இது நிக்கும்டா, கண்டிப்பா நிக்கும்.

– அக்கா, ஹாரன். லாரி வந்துடுச்சு.

– நீ வேலையைப் பாரு, நான் பேசிக்கறேன். அப்பா, உள்ள வாங்க. அரை மணி நேரம் மட்டும் கொடுங்க. தப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டோம். சரிவுல நிறுத்திக் காட்டறோம்.

– கையில என்னப்பா? ஏன் முதுகுக்குப் பின்னாடி மறைக்கிறீங்க?

– ஒண்ணுமில்லடா, எண்ணெய்க் கேன்தான். நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சீங்க, இதைக் கவனிக்க யாரு இருந்தா? தினமும் விடியறதுக்குள்ள நான்தான் வந்து கொஞ்சம் ஊத்தி விட்டுட்டுப் போவேன். தள்ளு, இன்னைக்கும் ஊத்திடறேன். வெறும் வயித்தோட லாரியில ஏத்த மனசு வரலை.